நான்கு ராடு வெளியே, பதினொன்று உள்ளே

அந்த இயக்கம் பொய் சொல்கிறது. தெற்கு சூடானில் அரசுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியிருக்கும் பல கூட்டங்களில் அது ஒன்று. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். என் தம்பி செல்வராஜ் தங்களிடம் இல்லை, எந்த இந்தியரும் தங்களிடம் இல்லை என்று அறிக்கை விட்டார்கள். அது பொய் என்று பாரிஸில், லா ஷப்பலில், ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். அங்கே இருந்த ஐந்து நாட்களைப் பற்றித்தான் இது.

முதலில் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் திருச்செங்கோடு. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் எங்கள் ஊரிலிருந்து ஆப்பிரிக்கா வரைக்கும் போகின்றன. நான் ரிக் மெக்கானிக். தம்பி டிரில்லர். ஒரு தொண்டு நிறுவனத்துக்காக அங்கே கிராமம் கிராமமாகத் தண்ணீர்க் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் காலையில் துப்பாக்கியோடு வந்தவர்கள் வண்டியையும் அவனையும் கொண்டுபோய்விட்டார்கள். அவனோடு வேலை செய்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் டீசல் வாங்கப் போயிருந்ததால் தப்பி ஊர் வந்து சேர்ந்தார்.

ஏழு மாதத்தில் ஒரே ஒரு போன் வந்தது. யாரோ ஒருவன் ஆங்கிலத்தில், "பாரிஸில் எங்கள் ஆள் இருக்கிறார், அவரிடம் பேசு" என்று ஒரு நம்பர் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அந்த நம்பருக்கு எத்தனை முறை அடித்தேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் ஒருநாள் எடுத்தவர், "நேரில் வந்தால் பேசலாம்" என்றார். திருச்செங்கோட்டு மெக்கானிக் எங்கே பாரிஸுக்கு வரப்போகிறான் என்று நினைத்திருப்பார். வந்தேன். விசா கிடைத்த கதை வேண்டாம்.

எனக்கு பாரிஸில் தெரிந்தவர் யோகண்ணா ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் எங்கள் பக்கம் அகதி முகாமில் இருந்தவர். நான் வேலை பழகிய பட்டறையில் மூன்று வருடம் வெல்டராக இருந்தார். இப்போது லா ஷப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அடுப்படி வேலை. வீடு புறநகரில், பியர்ஃபித்தில். ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துவிட்டு முதலில் கேட்டது, "மணி, பாஸ்போட் கையிலை இருக்கோ?"

"பெட்டியில இருக்குதுங்கண்ணா."

"எடுத்துச் சட்டைக்குள்ளை வை. இஞ்சை எந்த நேரமும் பொலிஸ் கொந்த்ரோல் இருக்கும். நிறத்தைப் பாத்துத்தான் மறிப்பாங்கள்."

அதிலிருந்து ஐந்து நாளும் பாஸ்போர்ட் என் நெஞ்சில் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. கார் து நோர் ஸ்டேஷனுக்குள் ராணுவத்துக்காரர்கள் மூன்று மூன்று பேராக நடக்கிறார்கள். கையில் நீளத் துப்பாக்கி, விரல் அதன்மேல். ஜனங்கள் அவர்களைத் தாண்டிக் காப்பி குடித்துக்கொண்டே போகிறார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் லத்தியோடு ஒரு போலீஸ்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். துப்பாக்கியை இவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுவே முதல் தடவை. தம்பி அந்தக் காலையில் பார்த்ததும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

லா ஷப்பலில் இறங்கினால் பாதித் தெரு தமிழ். நகைக்கடை, சேலைக்கடை, கறிவேப்பிலைக் கட்டு, போன் கார்டு. ஆனால் அது நம் தமிழ் இல்லை. இறைச்சிக் கடைக்காரர் "என்ன வேணும், சொல்லுங்கோ" என்றபோது நான் பதில் சொன்னதும், "இந்தியாவோ?" என்று சிரித்தார். வீட்டில் யோகண்ணாவின் மனைவி ரஞ்சி அக்கா இடியப்பமும் சொதியும் வைத்தார். தேங்காய்ப்பால், வெந்தயம், நல்ல வாசம். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தம்பி மனைவி கவிதா போன் செய்தாள். தினமும் ஒரே கேள்விதான். "அவரு இருக்காரா, இல்லையான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க மாமா. வேற ஒண்ணும் வேண்டாம்." அவள் பெயர் போனில் வந்தாலே எனக்குப் பயம்.

ரஞ்சி அக்காவின் வேலையைச் சொல்ல வேண்டும். அகதி விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு இருபது வருடமாக மொழிபெயர்க்கிறார். அதிகாரி பிரெஞ்சில் கேட்பார், தமிழர் தமிழில் சொல்வார், நடுவில் அக்கா. ஒரு நாளைக்கு ஒரு ஆளின் தலையெழுத்து அவர் வாய் வழியாகப் போகிறது. அவர்தான் எனக்கும் மொழிபெயர்க்க ஒத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் இயக்கத்தின் பாரிஸ் ஆளின் போன் அணைந்து கிடந்தது. சும்மா இருக்க முடியாமல் தெருவில் நடந்தேன். லா ஷப்பல் மெத்ரோ தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ஓடுகிறது. கொஞ்ச தூரம் தள்ளி, சாப்பாடு கொடுக்கும் இடத்தில் நூறு பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். அநேகமாக சூடான், எரித்திரியா ஆட்கள். நெடுநெடுவென்று உயரம், மேலே மெல்லிய ஜாக்கெட். எங்கள் ஆட்கள் காய்கறிப் பையோடு அவர்களைப் பார்க்காத மாதிரி கடந்து போனார்கள். நானும் மற்ற நாளாக இருந்தால் அப்படித்தான் போயிருப்பேன்.

வரிசையின் கடைசியில் நின்றவரிடம் தெற்கு சூடானா என்று என் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன். ஆமாம் என்றார். பெயர் சொல்லவில்லை. செல்வராஜ் போட்டோவைக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார். பாரிஸ் ஆள் போனில் சொன்ன தன் பெயரைச் சொன்னேன். அவர் ஓரடி தள்ளி நின்றார்.

"நீ அவருடைய ஆளா?"

"இல்லை. என் தம்பியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அரசுப் படை என் வீட்டை எரித்தது. அந்த இயக்கம் என் அண்ணன் மகனைப் படைக்குக் கொண்டுபோனது. நான் இரண்டு பேரிடமிருந்தும் ஓடி வந்தேன். இங்கே வந்தும் அந்த மனிதன் இந்தத் தெருவில் வந்தால் நான் மறுபக்கம் போய்விடுவேன்."

"அவர் கெட்டவரா?"

"மரியாதையானவர்" என்றார். "அதுதான் பயம்." வரிசை நகர்ந்தது. அவர் என்னை மறுபடி திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை போன் வேலை செய்தது. மறுநாள் பதினோரு மணிக்கு, புறநகரில் இருக்கும் ஓல்னே ஸ்டேஷன் வாசல் என்றார் அந்த ஆள். லா ஷப்பல் வேண்டாமாம், தெரிந்தவர்கள் அதிகமாம். ரஞ்சி அக்காவுக்குக் காலையில் பொபினியில் ஒரு அகதிக் கேஸ். அங்கிருந்து நேரே வருவதாகச் சொன்னார். நான் தனியாக கார் து நோரில் ஏறினேன். சரியான லைன்தான், சரியான திசைதான். ஆனால் அது நடுவில் எங்கும் நிற்காமல் ஏர்போர்ட் போகும் ரயில் என்று எனக்கு யார் சொல்வார்கள்? ஓல்னே என்ற பெயர்ப்பலகை ஜன்னலில் ஒரு நொடி வந்து போனது. நான் கதவைத் தட்டினேன். ஒரு வெள்ளைக்கார அம்மா என்னைப் பார்த்துத் தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

ஏர்போர்ட்டில் இறங்கினால் மறுபடி துப்பாக்கிக்காரர்கள். வியர்த்து ஓடி வரும் ஆளை அவர்கள் விடுவார்களா? சுவரோரம் நிறுத்திப் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்கள். ஒருவன் ஏதோ கேட்டான். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு 'மெர்சி'. அதைச் சொன்னேன். சிரித்துவிட்டு விட்டான். ஓல்னே வந்து சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். அந்த ஆள் போய்விட்டார். ஸ்டேஷன் வாசலில் ரஞ்சி அக்கா மட்டும் குளிரில் நின்றார்.

ஏழு மாதம் காத்திருந்து, ஒரு ரயிலை மாற்றி ஏறிக் கெடுத்துவிட்டேன். அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

"எழும்பும் தம்பி" என்றார் அக்கா. "அரை மணித்தியாலம் அவரோடை கதைச்சனான். தெருவிலை நிண்டு கதைக்கேலாது, நாளைக்கு எங்கடையவர் வேலை செய்யிற கடைக்கு வாங்கோ, பின்னறையிலை ஒருத்தரும் பாக்க மாட்டினம், ஆட்டிறைச்சி ரோல்ஸ் நல்லாயிருக்கும் எண்டு சொன்னன். வாறன் எண்டிட்டார்."

"ரோல்ஸுக்கா வர்றாரு?"

"உவையளுக்கும் பசிக்கும்."

நான்காம் நாள் மதியம் அந்த ஆள் கடைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். சாம்பல் நிறக் கோட்டு, சுத்தமான காலணி. எனக்கு இரண்டு கையும் கொடுத்தார். தன் தாயார் போன மாதம் ஒரு முகாமில் இறந்ததைச் சொன்னார். எண்ணெய் தங்கள் மண்ணில் இருக்கிறது, அதன் பணம் தலைநகரில் நாலு குடும்பத்துக்குப் போகிறது, கேட்டால் ஹெலிகாப்டரில் வந்து சுடுகிறார்கள் என்றார். ஒப்பந்தம் போட்டோம், மீறினார்கள், மறுபடி காட்டுக்குப் போனோம் என்றார். எல்லாம் உண்மையாக இருக்கலாம். அதற்கும் செல்வராஜுக்கும் என்ன சம்பந்தம்? அவன் உங்கள் ஜனங்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வந்தவன். இதை அப்படியே சொல்லச் சொன்னேன். அக்கா அப்படியே சொன்னார்.

"எங்களிடம் உங்கள் தம்பி இல்லை" என்றார். அறிக்கையில் இருந்த அதே வாக்கியம். பிறகு ரோல்ஸைக் கடித்துக்கொண்டே பொதுவாகப் பேசுகிற மாதிரி ஆரம்பித்தார். அவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல அக்கா எனக்குத் தமிழில் தந்தார்:

"சண்டை வருது, வெளிக்கிடுங்கோ எண்டு தாங்கள் முன்கூட்டியே எச்சரிக்கை குடுத்தவையாம். தொண்டு நிறுவனங்களின்ரை வெள்ளை வாகனங்கள் எல்லாம் அப்பவே வெளிக்கிட்டிட்டுதாம். தண்ணி வண்டி மட்டும் நிண்டதாம். ஆக்கள் அவதி அவதியா நிலத்துக்குள்ளையிருந்து இரும்புக் குழாய் இழுத்துக்கொண்டு நிண்டவையாம். பாக்கிறவன் என்ன நினைப்பான் எண்டு கேக்கிறார். புதைச்சு வைச்ச ஆயுதம் எண்டுதான் தங்கடை பெடியள் நினைச்சவங்களாம்."

தம்பி ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்கு ஏழு மாதமாக எனக்குப் பதில் தெரியாது. அந்த நொடியில் தெரிந்துவிட்டது. ரிக் தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். பூமிக்குள் இறக்கும் இரும்புக் குழாயை நாங்கள் ராடு என்போம். ஒன்று இருபது அடி. ஒன்றோடு ஒன்று திருகி இறக்கிக்கொண்டே போவோம். ராடு உள்ளே இருக்கும்போது அதை அப்படியே கழற்றிவிட்டு வண்டியைக் கிளப்பலாம், முடியும். ஆனால் எங்கள் ஊரில் எவனும் செய்ய மாட்டான். ராடை மண்ணில் விட்டுவிட்டு வந்தவனை அப்புறம் எந்த வண்டியிலும் ஏற்ற மாட்டார்கள். மழை, இடி, கலவரம், எதுவானாலும் ராடை உருவிவிட்டுத்தான் நகர்வது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். துப்பாக்கி வருகிறது என்று தெரிந்தும் செய்திருப்பேன். அவ்வளவு முட்டாள்தனம் எங்கள் கையில் ஊறிக் கிடக்கிறது.

மேசையில் இருந்த ஸ்ட்ராக்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி அவருக்குக் காட்டினேன். "இதுதானுங்க ராடு. ஆயுதம் இல்லீங்க. இதை விட்டுட்டு வந்தா அவன் டிரில்லரே இல்லீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. நல்ல மனதோடு சிரித்த மாதிரிதான் இருந்தது. ஏதோ சொன்னார். அக்கா குரல் மாறாமல் சொன்னார்:

"நாலு குழாய் வெளியிலை கிடந்ததாம். இன்னும் பதினொண்டு இருக்கு, அரை மணித்தியாலம் தாங்கோ எண்டு அந்த நெட்டைப் பெடியன் கொமாண்டரிட்டைக் கேட்டவனாம். துவக்கு நீட்டினவைக்கு முன்னாலை நிண்டு நேரம் கேட்ட முதல் ஆள் அவன்தானாம்." அதே மூச்சில், அதே குரலில், தன் சொந்தப் பேச்சாக, "தம்பி, முகத்தை மாத்தாதையும். தேத்தண்ணியைக் குடியும். ஊர்வாயிலை கதை கேட்டவனுக்கு எண்ணிக்கை தெரியாது. உது பக்கத்திலை நிண்டவன் சொன்ன கணக்கு. நான் இருவது வருசமா உந்தக் கதைகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

நாலும் பதினொன்றும் பதினைந்து. தப்பி வந்த ஊர்க்காரர், தான் டீசலுக்குக் கிளம்பும்போது முந்நூறு அடி இறங்கியிருந்தது என்று சொன்னார். முந்நூறு அடிக்குப் பதினைந்து ராடு. அதில் நாலை உருவியிருந்தான் என்பது வெளியில் ஒருவருக்கும் தெரியாது. அங்கே நின்ற தம்பிக்கும் அவனைப் பிடித்தவர்களுக்கும்தான் தெரியும்.

டம்ளரை வைத்தேன். "அந்த நெட்டைப் பையன்தான் என் தம்பி. இப்ப உயிரோட இருக்கானா?"

அக்கா கேட்டார். அந்த ஆள் மெல்லுவதை நிறுத்தினார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். பிறகு எனக்குப் புரியும்படி ஆங்கிலத்திலேயே, நிறுத்தி நிறுத்தி, "எங்களிடம் இந்தியர் யாரும் இல்லை. சத்தம் போடாத குடும்பங்களுக்குச் சில நேரம் நல்லது நடக்கும். சத்தம் போட்டால் யாராலும் எதற்கும் பொறுப்பேற்க முடியாது" என்றார். தன் மகளுக்கு இரண்டு ரோல்ஸ் கட்டிக்கொடுக்க முடியுமா என்று யோகண்ணாவிடம் மரியாதையாகக் கேட்டு, வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு எழுந்து அவர் கோட்டைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. இழுக்கவில்லை. இழுத்தால் அங்கே தம்பிக்கு என்ன ஆகும் என்ற பயம்.

ஐந்தாம் நாள் முழுவதும் பியர்ஃபித் வீட்டுச் சமையலறையில் இதை வெளியே எழுதுவதா வேண்டாமா என்ற பேச்சுதான். யோகண்ணா ஒரே முடிவாக இருந்தார்.

"ஊருக்குப் போய் வாயைத் திறவாதை மணி. இயக்கங்களைப் பற்றி எனக்குத் தெரியும். ஆள் இருந்தா, ஒருநாளைக்கு விடுவாங்கள். நீ எழுதினா, அவங்களுக்குத் தொல்லை. தொல்லையை வைச்சிருக்க மாட்டாங்கள்."

ரஞ்சி அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "சின்னண்ணையின்ரை விசயத்திலையும் இதைத்தானே சொன்னனீங்கள்" என்றார். யோகண்ணாவின் அண்ணன் ஒருவர் சண்டைக் காலத்தில் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர் என்று எனக்குப் பட்டறை நாட்களிலேயே தெரியும். யார் கூட்டிப் போனார்கள் என்று அவர் எப்போதும் சொன்னதில்லை.

"அந்தக் கதை இப்ப வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? சத்தம் போடாதேங்கோ, விடுவம் எண்டவங்கள். உங்கடை அம்மா சத்தம் போடேல்லை. நீங்களும் போடேல்லை. போட்டோவைக்கூடச் சுவரிலை மாட்டேல்லை. என்ன கிடைச்சது?"

"அது வேறை."

"ஓம், அது வேறை. அதுக்குப் பிறகு கூட்டிக்கொண்டு போனவங்களும் இல்லாமல் போய், கேக்கிறதுக்கே ஆளில்லாமல் போச்சுது."

யோகண்ணா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். வெகுநேரம் உள்ளே வரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். அக்கா சொன்னதும் நடந்ததுதான். எழுதினால் தம்பி சாகலாம். எழுதாவிட்டால் அவன் இருந்தான் என்பதே யாருக்கும் தெரியாமல் போகலாம். இதில் எது சரி என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டேன்.

கவிதாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த எண்ணிக்கை அவன் அன்று உயிரோடு நின்று பேசினான் என்பதற்குத்தான் சாட்சி, இன்றைக்கு இருக்கிறான் என்பதற்கு இல்லை என்றும் சொன்னேன். அவள், "அரை மணி நேரம் குடுங்கன்னு கேட்டாராமா?" என்றாள். ஆமாம் என்றேன். "அவரு வாயைத் திறந்து கேட்டிருக்காரு. நாம எதுக்கு வாயை மூடிக்கணும்? எழுதுங்க மாமா" என்றாள். அவன் மனைவி சொல்லிவிட்டாள். எழுதுகிறேன்.

பாரிஸில் இருக்கும் ஐயா, இதை நான் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதி வாங்கி உங்கள் நாட்டு ஆட்கள் படிக்கும் எல்லா இடத்திலும் போடப்போகிறேன். உங்கள் பெயரை எழுதவில்லை. உங்கள் மகளுக்காக அதை விட்டுவைத்திருக்கிறேன். ஆனால் என் போனுக்குப் பதில் சொல்ல வேண்டாம், கடைக்கு வந்து ரகசியமாகவும் சொல்ல வேண்டாம். வாரம் ஒரு அறிக்கை விடுகிறீர்கள் அல்லவா, அதில் எல்லாரும் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு வெளியே, பதினொன்று உள்ளே என்று உங்களுக்குச் சொன்னது யார்? அவன் கேட்ட அரை மணி நேரத்துக்குப் பிறகு அவனை என்ன செய்தீர்கள்? செல்வராஜ் உயிரோடு இருந்தால் அவன் குரலை அவன் மனைவி கேட்கட்டும். இல்லையென்றால் இல்லை என்று, அவன் பெயரைப் போட்டு எழுதுங்கள்.